மனஸ்தாபத்தின் கணக்கு

இலங்கைக் கரையோர ஊரான சிலாபத்தின் பெயரை முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பேசுவார்கள். இந்தக் கரையின் பாவ மன்னிப்பு மொழிக்கும் முத்தோடு உறவுண்டு. எதிர்க்கரையான முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய என்றீக்கே அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட தமிழ் நூல் ‘கொம்பெசயனாயரு’. அதன் பொருள் பாவசங்கீர்த்தனம். தமிழ் அச்சு எழுத்துக்கு வயது இரண்டோ மூன்றோ ஆகியிருந்த நேரம். அதற்குள் குற்றத்தை எண்ணிச் சொல்லும் வழி புத்தகமாகிவிட்டது.

அக்காலக் கையேடுகள் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, என்ன செய்தாய், எத்தனை தரம் செய்தாய் என்று ஆளைக் கேட்பவை. தனித்தீர்வை, பொதுத்தீர்வை, உத்தரிக்கிற ஸ்தலம் என்று மரணத்துக்குப் பின்னதைச் சொல்லும் பழைய ஞானோபதேசச் சொற்களிலும் இந்தக் கணக்குப் பார்வை உண்டு. ‘தீர்வை’ சுங்கத்துக்கும் வழங்கும் சொல்லல்லவா!

ஆனால் கணக்குக் கேட்கப்படும் பயம் மட்டுமே இங்கே ஆண்டது என்பது சரியல்ல. பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபத்தை ஞானோபதேசம் இரண்டாகப் பிரிக்கும். நரகத்துக்கு அஞ்சி வருவது அடிமை மனஸ்தாபம். கடவுள்மேல் வைத்த அன்பால் வருவது உத்தம மனஸ்தாபம். முன்னதற்குக் குருவின் பாவமன்னிப்பும் வேண்டும். சங்கீர்த்தனம் செய்யும் எண்ணத்தோடு கூடிய பின்னது, குரு கிடைக்காத வேளையிலும் மன்னிப்பைப் பெற்றுத்தரும். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்த கரையில் இது ஏட்டு வாதமல்ல, சாகக் கிடந்தவனின் கவலை. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளார் இரவில் வீடு வீடாகப் போனது இதற்காகவும்தான்.

அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ், கண்டி அரசரின் நிழலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். 1742இல் சிலாபத்துக்குத் தெற்கே போலவத்தையில் இறந்தார். தபசுகாலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லி அழவைக்கும் நூல். நரக நெருப்பைக் காட்டிலும் அந்த அழுகையை அவர் நம்பினார் என்றே நான் வாசிக்கிறேன். குரு இல்லாத ஊரில் உத்தம மனஸ்தாபத்தை மூட்ட வேறென்ன வழி?

சிலாபம் மறைமாவட்டம் 1939இல் பிறந்தது. தமிழ் பேசிய இந்தக் கரைக் கத்தோலிக்கர் பெரும்பாலும் சிங்களத்துக்கு மாறினர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973இல் ஒப்புரவுச் சடங்கு புதுப்பிக்கப்பட்டது. பாவசங்கீர்த்தனம் ‘ஒப்புரவு’ ஆயிற்று. மனஸ்தாபத்தின் இடத்தில் ‘மனமாற்றம்’ வந்தது. புதிய சொற்கள் நல்லவைதான். ஆனாலும் ‘தாபம்’ என்பதிலிருந்த சூடு அவற்றில் இல்லை.

பழைய கையேட்டிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது ஆளைக் கேட்டது, ஊரைக் கேட்கவில்லை. சிலாபத்துக்கு அருகே முன்னேசுவரம் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1578இல், அதாவது ‘கொம்பெசயனாயரு’ அச்சாவதற்கு இரண்டே ஆண்டு முன். கோயிலை இடித்தது எந்தக் கட்டளையின் கீழ் வரும் பாவம்? 2000ஆம் ஆண்டு மார்ச் 12இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மைக்குத் தொண்டு என்ற பெயரில் திருச்சபையின் மக்கள் செய்த வன்முறைக்காக உரோமையில் மன்னிப்பு வேண்டினார். அதில் முன்னேசுவரத்தின் பெயர் இல்லை.

ஊரைக் கேட்க வேண்டிய நாள் மறுபடியும் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மூன்று வாரம் கழித்து, மே 12இல், முஸ்லிம் வியாபாரி ஒருவரின் முகநூல் வரியை மிரட்டலாக வாசித்த கூட்டம் சிலாபத்தில் பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல்லெறிந்தது. ஊரடங்கு போட்டார்கள். அந்த வரியை எழுதியவரைப் பொலிஸ் கைதுசெய்தது. கல்லெறிந்த அந்த நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.