விதந்துரைத்தலும் விமர்சனமே: இளையோர் புனைகதை குறித்துச் சில சிந்தனைகள்

இலக்கிய விமர்சனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்பாடுகளைப் பற்றியும் கோட்பாட்டாளரைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். ஒருவர் தாம் வாசித்து முடித்த நூலை இன்னொருவர் கையிற் கொடுத்து, "இதை ஒருக்கால் வாசித்துப் பாரும்" என்று சொல்லும் எளிய செயலை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆயின் அச்செயலில் நூலைப் பற்றிய மதிப்பீடும் உண்டு. அதனைப் பெறுபவரைப் பற்றிய மதிப்பீடும் உண்டு. கட்டுரை எழுதும் விமர்சகன் தவறினால் மறுப்புக் கட்டுரை வரும். நூலைக் கையிற் கொடுப்பவன் தவறினால், பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று புத்தகம் என்ற பொருளிலேயே நம்பிக்கை இழந்துவிடக்கூடும். பின்னதன் பொறுப்பு முன்னதினும் பெரிது என்பதே எமது எண்ணம்.

பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட கட்டிளமைப் பருவத்தினரை மனங்கொண்டு எழுதப்படும் நாவல்களை 'இளையோர் புனைகதை' என இங்கு குறிப்பிடுகின்றோம். இவ்வகை நூல்களை முதியோர் விரும்பி வாசிப்பது வெட்கத்துக்குரியது என்னும் கருத்து 2014 இல் அமெரிக்காவிற் காரசாரமாக வாதிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2012 இல், அங்கு வெளியான சந்தை ஆய்வொன்று இந்நூல்களை வாங்குவோருள் 55 சதவீதத்தினர் பதினெட்டு வயதைக் கடந்தவர்களே எனக் காட்டியிருந்தது. எமது பல்கலைக்கழக வட்டாரத்தில் அந்த வெட்கம் வேறொரு வடிவத்திற் காணப்படுகிறது. இந்நூல்களை வாசிப்பதை நாம் மறைப்பதில்லை. 'கல்விப் பயன்', 'மொழிப் பயிற்சி' என்று காரணங் கற்பிக்கிறோம். மகிழ்ச்சியாக இருந்தது என்று சொல்ல மாத்திரம் நா எழுவதில்லை.

இவ்விலக்கிய வகை உருவான வரலாறு பதிப்பகங்களோடு மட்டும் தொடங்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அது பெருமளவுக்கு நூலக மேசைகளிலிருந்து எழுந்தது. பால்ரிமோர் நகரின் ஈனக் பிறற் நூலகத்தில் 1930களிலிருந்து இளைஞர் பகுதியைப் பொறுப்பேற்று நடத்திய மார்கிறற் எட்வேர்ட்ஸ், 1940களிற் குதிரை வண்டியொன்றில் நூல்களை ஏற்றிக்கொண்டு நூலகத்தை எட்டிப் பாராத மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்றவர். தம்மிடம் பணிபுரிய வந்த உதவியாளர்களை அவர் முதலில் நூற்றுக்கணக்கான நூல்களை வாசிக்கச் செய்தார். வாசித்தவற்றைப் பற்றித் தம்மோடு உரையாடச் செய்தார். தான் வாசியாத நூலை எவரும் பிறருக்கு விதந்துரைக்கலாகாது என்பது அவர் கொண்ட நெறி. இந்நெறியை எமது பாடநூற் குழுக்களுக்கும் பரிசுக் குழுக்களுக்கும் விதித்தால் எத்தனை குழுக்கள் எஞ்சும் என்பது வேறு விடயம்.

1967 இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' என்ற நாவல் இவ்வகையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரைச் சேர்ந்த எஸ். ஈ. ஹின்றன் அதனை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. நூல் அச்சேறியபோது பதினெட்டு. இளைஞருக்கென அப்போது எழுதப்பட்டவை தாம் கண்ட வாழ்க்கையைச் சொல்லவில்லை என்ற மனக்குறையே அவரை எழுதவைத்தது. நகரின் கிழக்குப் பகுதியில் வாழும் வறிய இளைஞருக்கும் மேற்குப் பகுதியில் வாழும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையிலான பகையே கதை. பெற்றோரை இழந்து தமையன்மாரின் பராமரிப்பில் வளரும் பொனிபோய் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அதனைத் தன் வாயாற் சொல்கிறான்.

இந்நாவலை முற்போக்கு நோக்கில் ஆராய்வோர் அதன் குறையை விரைவிலேயே கண்டுபிடித்துவிடுவர். வர்க்கப் பகையைக் கூர்மையாகக் காட்டும் ஆசிரியர் அதன் அடிப்படையை வினவுவதில்லை. இரு பகுதியினரும் காண்பது ஒரே சூரிய அஸ்தமனத்தைத்தான் என்ற உணர்ச்சிபூர்வமான சமாதானத்தோடு அவர் அமைந்துவிடுகிறார். இதனினும் நுட்பமான இடமொன்று உண்டு. கொலையொன்று நேர்ந்தபின் பொனிபோயும் அவன் நண்பன் ஜொனியும் பாழடைந்த தேவாலயமொன்றில் ஒளிந்திருக்கின்றனர். பொழுதைக் கழிப்பதற்கு அவர்களிடம் இருப்பது மார்கிறற் மிச்செலின் 'கோன் வித் த விண்ட்' நாவலின் மலிவுப் பதிப்பு. பொனிபோய் உரக்க வாசிக்க, பெற்றோரின் அன்பையும் அறியாத அந்த ஏழைச் சிறுவன் ஜொனி, போருக்குப் புறப்படும் தென்மாநிலக் கனவான்களின் வீரத்தில் மனதைப் பறிகொடுக்கிறான். அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த வர்க்கமொன்றின் பெருமிதம், எதுவுமற்ற சிறுவனொருவனின் இலட்சியமாகிவிடுகிறது. ஆசிரியர் இதனை எவ்வித ஐயமுமின்றிக் கடந்து செல்கிறார். கருத்துநிலை எவ்வாறு ஒருவர் வாய்வழி இன்னொருவர் செவிக்குப் போகிறது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நாம் அறியோம். விதந்துரைத்தல் எப்போதும் நன்மையே என்று எண்ணுவோர் இவ்விடத்தைத் திரும்பவும் வாசிக்க வேண்டும்.

இருந்தும் அந்நாவலை நாம் மாணவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அதற்கான காரணத்தை எம்மிலும் நன்றாகக் கலிபோர்னியாவின் பிறெஸ்னோ நகரை அண்டிய பாடசாலையொன்றின் மாணவர்கள் சொல்லியிருக்கின்றனர். அவர்கள் 1980 இல் தமது பாடசாலை நூலக உதவியாளரின் துணையோடு திரைப்பட நெறியாளர் பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதி, கையொப்பங்களோடு நூலையும் அனுப்பி, இதனைத் திரைப்படமாக்க வேண்டுமெனக் கேட்டனர். 1983 இற் படம் வெளிவந்தது. அப்பாடசாலைக்கே அது சமர்ப்பிக்கப்பட்டது. வழக்கமாக மேலிருந்து கீழ்நோக்கி வரும் விதந்துரை இங்கு கீழிருந்து மேல்நோக்கிச் சென்றது.

ஹின்றனின் நூலைக் கொடுத்தவுடன் நாம் அடுத்துக் கொடுப்பது மில்ட்றெட் டெய்லர் எழுதிய 'றோல் ஒவ் தண்டர், ஹியர் மை கிறை' (1976) என்பதாகும். இந்த ஒழுங்கு தற்செயலானதன்று. ஜொனி மயங்கிய அதே தென்பகுதியை, 1933 ஆம் ஆண்டு மிசிசிப்பியில் வாழும் கறுப்பினச் சிறுமி ஒருத்தியின் கண்கொண்டு காட்டும் நூல் இது. முதல் அத்தியாயத்திலேயே பாடசாலையிற் புத்தகங்கள் வழங்கப்படுகின்றன. ஆறு வயதுத் தம்பி ஆவலோடு தன் பிரதியைத் திறக்கிறான். உள்ளட்டையில் ஓர் அட்டவணை: எத்தனையாவது முறை வழங்கப்பட்டது, நூலின் நிலை என்ன, பெற்ற மாணவரின் இனம் யாது. வெள்ளை மாணவர் ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு முறை பயன்படுத்தி, நூல் மிக மோசமான நிலையை அடைந்தபின், பன்னிரண்டாவது முறையாக அது கறுப்பினப் பிள்ளைக்கு வருகிறது. பிள்ளை புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான், அடி வாங்குகிறான். அதே பாடசாலையில் ஆசிரியையாகிய தாய், விடயம் அறிந்ததும் வாதாடுவதில்லை. அட்டவணையின்மேற் கடதாசி ஒட்டத் தொடங்குகிறாள். பாடநூலில் இல்லாத அடிமை முறையின் வரலாற்றைக் கற்பித்தமைக்காகப் பின்னர் அவளுடைய வேலை பறிக்கப்படுகிறது.

நூலொன்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுவதன் அரசியலை இவ்வளவு சிறிய காட்சியில் அடக்கிய வேறு நூல் எமது வாசிப்பில் இல்லை. ஆசிரியர் எங்கும் பிரசங்கஞ் செய்வதில்லை. கடையொன்றைப் பகிஷ்கரிக்கும் முயற்சி, நிலத்தைக் காப்பதற்கான தந்தையின் ஓயாத உழைப்பு, யாவும் ஒரு சிறுமிக்குத் தெரியக்கூடிய அளவிலேயே தெரிகின்றன. அவளுக்கு விளங்காதது எமக்கு விளங்குகிறது. அவளுக்கு விளங்கும் கணத்தில் நாம் மறுபடியும் அதனை முதன்முறையாக அறிகிறோம். இளையோர் புனைகதை தரும் இன்பத்தின் ஊற்று இதுவே எனலாம். சமூகம் என்பது ஒழுங்கான இயற்கை அன்று, மனிதர் ஆக்கிய ஏற்பாடு என்று ஒருவர் முதன்முதலாகக் காணும் வயது அது. முதியோர் நாவலில் அக்காட்சி நினைவாகவே பெரும்பாலும் வரும். இங்கு அது நிகழ்ச்சியாகவே வருகிறது.

எமது நாட்டு அனுபவத்தையும் இங்கு தொட்டுச் செல்லலாம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' (1947) சிங்கள இளைஞரின் பல தலைமுறைகளை வாசகராக்கிய நூல். குறும்புக்காரச் சிறுவன் உபாலி, வீட்டு வேலைக்காரச் சிறுவன் ஜின்னாவுடன் ஓடிப்போய், ஆளற்ற தீவொன்றைப் பண்படுத்தும் கதை அது. தீவிற் சுதந்திரம் கிடைத்தபின்னரும் எசமான், வேலையாள் என்ற உறவு எந்த அளவுக்கு மாறியது என்ற வினாவை இன்றைய மாணவர்கள் தாமாகவே எழுப்புகின்றனர். தமிழில் நாம் வளர்ந்த காலத்தில் இந்த இடத்தை நிரப்பியவை பெரும்பாலும் மொஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த மொழிபெயர்ப்புகளே. ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' இளையோருக்கென எழுதப்பட்டதன்று. இளையோர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். அதிகம் எழுத்தறியாத துய்ஷென் என்னும் இளைஞன் குதிரை லாயமொன்றைப் பாடசாலையாக்குகிறான். அவனிடம் முதலெழுத்துக் கற்ற அநாதைச் சிறுமி பின்னாளிற் பெரும் கல்விமானாகிறாள். அவள் கௌரவிக்கப்படும் நாளில் முதியவனான துய்ஷென் வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவரும் தபாற்காரனாக வெளியே நிற்கிறான். அந்த இடத்தில் அழாதவர் எமது விடுதியில் எவரும் இருக்கவில்லை. ஒப்புக்கொள்ளாதவர் பலர் இருந்தனர். 1991 இற் சோவியத் ஒன்றியம் இல்லாதொழிந்தது. அந்நூல்களின் வரவும் நின்றது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டிருந்தது. அதன்பின் எம்மிற் பலருக்கு நண்பர் கையிலிருந்த ஒற்றைப் பிரதியே நூலகம். சிறுவர் பாட்டுக்கும் முதியோர் நாவலுக்கும் நடுவே தமிழில் உள்ள இடைவெளி பெரிதளவில் இன்றும் அப்படியே உள்ளது. எழுத்தாளரை மாத்திரம் இதற்குக் குற்றஞ் சொல்வது தகாது. அப்பருவத்தினர்க்கு எழுதியவற்றை இலக்கியமாக எடுத்து நோக்காத விமர்சகராகிய எமக்கும் அதிற் பங்குண்டு.

இனி, எமது தவறொன்றைச் சொல்ல வேண்டும். றொபேட் கோர்மியரின் 'த சொக்கிளேற் வோர்' (1974) தோல்வியில் முடியும் நாவல். கத்தோலிக்க ஆண்கள் பாடசாலையொன்றில் நிதி திரட்டுவதற்காக ஒவ்வொரு மாணவரும் ஐம்பது பெட்டி சொக்கிளேற்று விற்க வேண்டுமெனப் பணிக்கப்படுகிறது. ஜெறி என்னும் மாணவன் மறுக்கிறான். பொறுப்பாசிரியரும் மாணவரின் இரகசியக் குழுவும் கைகோத்து அவனை நொறுக்குகின்றனர். அடிபட்டுக் கிடக்கும் அவன், எதிர்த்து நிற்பதிற் பயனில்லை என்று தன் நண்பனுக்குச் சொல்ல எண்ணுகிறான். முடிவை மாற்றும்படி சில பதிப்பகங்கள் கேட்டன; கோர்மியர் இணங்கவில்லை. நிஜ வாழ்வில் அவருடைய மகன் சொக்கிளேற்று விற்க மறுத்தபோது எந்தத் தீங்கும் நேரவில்லை என்பது சுவையான செய்தி. நேர்ந்திருக்கக்கூடியது எது என்ற வினாவே நாவலாயிற்று. பாடசாலைகளிலிருந்து அகற்றக் கோரப்பட்ட நூல்களின் பட்டியல்களில் அது திரும்பத் திரும்ப இடம்பெற்றது.

நாமும் நம் வழியில் அதனை அகற்றியிருந்தோம். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எம்மிடம் நூல் கேட்டு வருவது வழக்கம். நம்பிக்கையூட்டும் முடிவுடைய நூல்களையே அவருக்குத் தெரிந்தெடுத்துக் கொடுத்து வந்தோம். ஒவ்வொன்றையும் குறித்த தவணையில் திருப்பித் தந்து, "நல்ல புத்தகம் சேர்" என்பார். அந்த மரியாதையின் பொருள் எமக்குக் காலந் தாழ்த்தியே புரிந்தது. கோர்மியரின் நூலை அவர் வேறெங்கோ பெற்று வாசித்துவிட்டு, ஒரு மாலை நேரம் கோபத்தோடு வந்தார். ஜெறி விழுந்தது அவருக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. சுற்றியிருந்த மாணவர்கள் ஏன் பார்த்துக்கொண்டு நின்றனர் என்பதே அவரது வினா. அவர்களுட் பாதிப்பேர் எழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். நாம் கொடுத்த எந்த வெற்றிக் கதையும் அவரிடம் எழுப்பாத வினா அது. முற்போக்கான முடிவு நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்க வேண்டுமென நாம் எதிர்பார்த்திருந்தோம். அவரோ அதனை நூலுக்கு வெளியே, எமது விறாந்தையில் நின்று தேடிக்கொண்டிருந்தார்.

கோர்மியர் தமது 'ஐ ஆம் த சீஸ்' (1977) நாவலில் ஒரு பாத்திரத்தின் தொலைபேசி இலக்கமாகத் தமது வீட்டு இலக்கத்தையே எழுதிவைத்தார். இளம் வாசகர் பலர் அந்த இலக்கத்துக்கு அழைத்தனர்; அவர் அவர்களோடு பேசினார். இதனை அந்த மாணவருக்குச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, அந்தப் புத்தகமும் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. முடிவு எப்படி என்று இம்முறை நாம் சொல்லவில்லை.