இரத்தம் எழுவாயாகும்போது

மருத்துவ ஆய்வுக் கட்டுரையும் ஒரு பிரதிதான். கதை, கவிதை என்று கட்டுடைத்துக்கொண்டிருக்கும் நாம் அந்தப் பக்கம் போனதே இல்லை. 'அது நம்ம துறை இல்ல' என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதன் இலக்கணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: 'இரத்தம் எடுக்கப்பட்டது', 'சாயமேற்றப்பட்டது', 'எண்ணப்பட்டது'. எல்லாம் செயப்பாட்டு வினை. செயப்படுபொருள் எழுவாய் இடத்துக்கு வந்துவிடுகிறது. இரத்தம் எழுவாய் ஆகிறது, இரத்தத்துக்கு உரிய ஆள் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடுகிறார்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் உட்கார்ந்து இதை யோசிக்கக் காரணம் உண்டு. யானைக்கால் நோய் நெடுங்காலம் வேரோடிய பகுதி இது. 1955-இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபின், நோய் பரவிய ஊர்களில் இரவு இரத்தப் பரிசோதனை ஒரு சடங்குபோல் ஆனது. இரவு எட்டரைக்கு மேல் கதவு தட்டப்படும். விரல் நுனியில் ஒரு குத்து. கண்ணாடித் தகட்டில் இருபது கன மில்லிமீட்டர் இரத்தம், அதாவது ஒரு சொட்டு. அதைக் காயவைத்து, நீரில் கழுவிச் சிவப்பை நீக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் புழுவை எண்ணுவார்கள். ஏன் இரவில்? இந்த நுண்புழுக்கள் பகலெல்லாம் நுரையீரல் இரத்தக்குழாய்களில் பதுங்கியிருந்து, கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரத்துக்குத்தான் தோலருகே வருகின்றன. பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டும் அரசு அலுவலகத்தின் நேரத்தை ஒரு புழு மாற்றியிருக்கிறது. எந்தப் போராட்டமும் சாதிக்காதது!

இந்த நோயின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். புழுவின் பெயர் வுச்செரேரியா பான்கிராஃப்டி. பிரேசிலில் 1866-இல் சிறுநீரில் நுண்புழுவைக் கண்ட வுச்சரர், ஆஸ்திரேலியாவில் 1876-இல் முதிர்ந்த புழுவைக் கண்ட பான்கிராஃப்ட் என்ற இரண்டு மருத்துவர்களும் புழுவின் பெயரிலேயே நிலைத்துவிட்டார்கள். 1872-இல் கல்கத்தாவில் மனித இரத்தத்தில் அதைக் கண்ட லூயிஸும் பாடப்புத்தகத்தில் இருக்கிறார். அவர் பார்த்த இரத்தம் யாருடையது? 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கொசு வயிற்றில் இப்புழு வளர்வதைக் கண்டுபிடித்தார். அதற்காக இரத்தத்தில் நுண்புழு இருந்த ஹின் லோ என்ற தன் தோட்டக்காரரைக் கொசுக்கூடத்தில் இரவு தூங்கவைத்து, கடித்த கொசுக்களைக் காலையில் பிடித்து அறுத்துப் பார்த்தார். மேன்சன் 'வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை' ஆனார். ஹின் லோ? பெயராவது மிஞ்சியது, கொடுத்துவைத்தவர்.

கண்ணாடித் தகட்டின் உண்மையான சிக்கல் இதைவிட ஆழமானது. கால் வீங்கிப் பருத்துப்போனவர்களில் பெரும்பாலோருடைய இரத்தத்தில் நுண்புழுவே இருக்காது. இரத்தத்தில் புழு நீந்துகிறவரோ பெரும்பாலும் ஆரோக்கியமாகத் தெரிவார். தனக்கு நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. பரவலைத் தடுக்க நினைக்கும் அரசுக்கு இந்த இரண்டாம் ஆளைத் தேடுவது நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். தெருவே பார்க்கும் காலை வைத்துக்கொண்டிருப்பவர் தகட்டில் 'இல்லை' என்று பதிவாகிறார். மாத்திரை நுண்புழுவைக் கொல்லும், பருத்த காலைப் பழையபடி ஆக்காது. ஆய்வகம் அவரைப் பற்றிச் சொல்வது பொய் இல்லை, அதே சமயம் அது அவரைப் பற்றியதும் இல்லை.

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்பார்கள். சோம்பேறிக்குச் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். தறிக்குழியில் காலை விட்டு மிதி மிதிப்பதைச் சொன்ன பேச்சு அது. அந்தக் கால் வீங்கினால்? நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்து நாள்கணக்கில் படுத்தால்? புதுச்சேரி பூச்சிக்கடத்தி நோய் ஆய்வு மையத்தினர் பங்கேற்ற ஆய்வொன்று 1996-இல் வெளியானது. யானைக்கால் நோய் கண்ட ஆண் நெசவாளர்கள் நெய்த துணி, நோயில்லாதவர்கள் நெய்ததைவிட 27 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவு என்று கணக்கிட்டது. இரத்தத்தை விட்டுத் தறிக்கு வந்ததற்காக அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் தலைப்பில் இருப்பது 'ஒரு தென்னிந்தியக் கிராமம்' மட்டுமே. நெசவாளர் இங்கே துணியின் நீளமாக வருகிறார். முதலாளியின் கணக்கு நோட்டிலும் அவர் அப்படித்தான் இருக்கிறார். ஒரு அளவுகோலிலிருந்து தப்பி இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறார். இருந்தாலும் கூலியோ நிவாரணமோ கேட்டுப் போகும் சங்கத்துக்கு அந்த 27 உதவும். 'உடல்மீதான வன்முறை' என்ற நம் கட்டுரைகள் உதவாது.

ஃபூக்கோவைப் படித்த வேகத்தில் ஆய்வகம் என்றாலே கண்காணிப்பு, அதிகாரம் என்று முடித்துவிடும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பருத்த கால் முன்வினைப் பயன் என்று நம்பப்பட்ட சமூகம் இது. அந்தக் காலைக் கர்மத்திடமிருந்து மீட்டுக் கொசுவிடமும் சாக்கடையிடமும் ஒப்படைத்தது அந்த ஒரு சொட்டு இரத்தம்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப்போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து 1947-இல் இதற்கு மருந்து கொண்டுவந்தது. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கே போவது? இரத்தம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எடுத்த இரத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

2000-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் குறிக்கோள் இரண்டு: பரவலை நிறுத்துவது, ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களின் துன்பத்தைக் குறைப்பது. முதலாவதற்கு எண் இருக்கிறது. ஆறேழு வயதுப் பிள்ளைகளின் விரலில் பகலிலேயே குத்தி, பட்டையில் கோடு வருகிறதா என்று பார்த்து, கூட்டுமருந்து வழங்குவதை நிறுத்தலாமா என்று முடிவு செய்கிறார்கள். இரண்டாவதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சோப்பு, தண்ணீர், விரலிடுக்குப் புண்ணுக்குக் களிம்பு, கழுவிவிட ஒரு கை. இதில் எண்ண எதுவுமில்லை, அதனால் இது பின்தங்கிக்கொண்டே வருகிறது. நோய் நான்காம் நிலைக்குப் போனவர்களுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. மூன்றாம் நிலைக் காலோடு தறிக்குழியில் இறங்குகிறவர் இன்னும் கொஞ்சம் வீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.