பறந்த உருவங்கள் இரண்டு

நீதிமன்ற வீடியோ கேமான 'ஏஸ் அட்டர்னி'யின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் வழக்குகளுக்குத் தரவரிசை போடாமல் கலைவதில்லை. உச்சியில் இருப்பவை பெரும்பாலும் அழவைத்த வழக்குகள், அடியில் கிடப்பவை எரிச்சலூட்டியவை. தர்க்கம் இடிக்கிறதே என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: கிளியையே குறுக்கு விசாரணை செய்கிற கேமில் தர்க்கம் எதற்கு, கதை மனசைத் தொட்டால் போதாதா? தொடுகிறது, மறுக்கவில்லை. ஷூ தகுமி எழுதி இயக்க, காப்காம் 2001, 2002, 2004 ஆண்டுகளில் கேம் பாய் அட்வான்ஸுக்கு வெளியிட்ட முதல் மூன்று பாகங்களின் வசனங்கள் இன்றும் புதுசாகவே இருக்கின்றன. நிஜ நீதிமன்றம் இப்படி நடக்காது என்ற புகாரையும் தள்ளிவிடலாம். குற்றவியல் வழக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனையில் முடிகிற ஜப்பானில் பிறந்த கேம் அது. அதன் கோணல் நீதிமன்றத்துக்கு அந்த நியாயமே போதும்.

ஆனால் 'கதை' என்று அவர்கள் சொல்வது எதை? துப்பறியும் நாவலில் வாசகர் அசந்துபோனாலும் துப்பறிவாளர் வேலையை முடித்துவிடுவார். இங்கே சாட்சியத்தின் எந்த வரி பொய், எந்தத் தடயம் அதை உடைக்கும் என்று ஆடுபவர் கண்டுபிடித்து நீட்டாதவரை அடுத்த வசனமே வராது. கதை நகர்வதே அனுமானத்தால்தான். அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மதிப்பெண் போடுவது, சங்கதிகளைக் காதில் வாங்காமல் கச்சேரிக்கு விமர்சனம் எழுதுவதற்குச் சமம். இரண்டாம் பாகத்தின் சர்க்கஸ் வழக்கான 'டர்ன்அபவுட் பிக் டாப்' எப்போதும் கடைசி வரிசையில் கிடக்கிறது. மூன்றாம் பாகத்தின் 'பிரிட்ஜ் டு தி டர்ன்அபவுட்' முதல் வரிசையில். இரண்டிலும் பனி. இரண்டிலும் ஓர் உருவம் பறந்ததாகச் சாட்சி. சர்க்கஸ் வழக்கில் மேல்மாடியிலிருந்து கயிற்றில் இறங்கிய சிலை ஆளைக் கொன்றுவிட்டு, மேலே இழுக்கப்படும்போது மந்திரவாதியின் மேலங்கியை மாட்டிக்கொண்டு போகிறது. பனியில் கொலையாளியின் காலடித்தடம் இல்லாததற்கும், கோமாளி மோ கண்ட 'பறக்கும் மனிதனுக்கும்' இந்த ஒரே விடை பொருந்துகிறது. பாலத்து வழக்கில் எரிந்த பாலத்தின் கம்பியில் தொங்கி ஒரு பிணம் பள்ளத்தாக்கின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஊசலாடிச் சேர்கிறது. அதற்கு எத்தனை தற்செயல்கள் கைகொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பிணமோ நாயகனான வழக்கறிஞரின் உதவியாளர் மாயாவின் தாயுடையது. அழுகிற கண்ணுக்குக் கம்பி தெரியாது. மோவின் ஜோக்குகளைச் சகிப்பது கஷ்டம்தான், ஆனால் அவை தடயத்தின் குற்றமல்ல.

பாராட்டு சரியான இடத்தில் விழும்போதுகூடக் காரணம் தப்பாகவே இருக்கிறது. 'ஃபேர்வெல், மை டர்ன்அபவுட்' வழக்கைக் கொண்டாடுபவர்கள் அதன் தர்மசங்கடத்தையே சொல்வார்கள்: கட்சிக்காரன் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது, அவனை விடுவிக்காவிட்டால், அவன் அமர்த்திய கூலிக்கொலையாளி கடத்தி வைத்திருக்கும் மாயாவின் உயிர் போய்விடும். முடிவில் குற்றவாளியா, நிரபராதியா என்று கேம் நம்மைக் கேட்கவும் செய்கிறது. எதைச் சொன்னாலும் தீர்ப்பு ஒன்றுதான். விளைவை மாற்றுகிற தேர்வு அதற்குச் சற்று முன்பே நடந்துவிடுகிறது. கடைசி நேரத்தில் வந்து சேரும் பொருள்களில் வீடியோ நாடாவை எடுத்து, அந்தக் கூலிக்கொலையாளியிடம் 'உன்னை அமர்த்தியவனே உன்னை ரகசியமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறான்' என்று காட்ட வேண்டும். தப்பானதை நீட்டினால் கதை சோகத்தில் முடிந்துவிடும். தர்மசங்கடத்தை அவிழ்த்தது ஒரு தடயம். அதைப் பற்றி ஒரு வரி பேசாமல் 'என்ன ஒரு உணர்ச்சிப் போராட்டம்!' என்று வியப்பவர்கள் இந்த வழக்கை ஆடவில்லை, வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

ஆவியை அழைக்கும் பெண்கள் இருக்கிற உலகத்தில் தர்க்கம் தேடுவது அபத்தம் என்பார்கள். அங்கேதான் தர்க்கம் இறுக்கமாக இருக்கிறது. ஆவி இறங்கியவரின் உடல் இறந்தவரின் உருவத்தை எடுக்கும் என்ற விதியைக் கேம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. யார் உடலில் யார் என்ற பாலத்து வழக்கின் புதிரை அந்த விதிக்குள் நின்றே அவிழ்க்கிறது. அந்த வழக்கில் மெச்ச வேண்டியது அதைத்தான், ரசிகர்கள் மெச்சுவது அதற்குப் பின் வரும் கண்ணீரை. கிளியும் ஆவியும் விதிக்குக் கட்டுப்படுகின்றன. விலக்கு கேட்பவர்கள் ரசிகர்கள்தான். கோமாளி கண்டது உண்மை என்று அந்த நீதிமன்றமே கடைசியில் ஏற்றுக்கொண்டது. தரவரிசை போடுகிறவர்கள் இன்னும் அவனுடைய அசட்டுச் சிரிப்பைத் தாண்டி வரவில்லை.