திரையில் கியூபிசம்: விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

பாரிஸ், நியூயார்க், சிகாகோ என்று வெவ்வேறு ஊர்களில் தொங்கும் கியூபிச ஓவியங்களை இன்று ஒரே மாலையில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பைத் துல்லியமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் பலரும் எடுத்ததுமே படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். ரவி வர்மா படத்தைப் பெரிதாக்கினால் புடவைச் சரிகை தெரியும். இங்கே பெரிதாக்கப் பெரிதாக்க இருக்கிற உருவமும் கரைந்துபோகும்.

காரணம் இருக்கிறது. 1908 முதல் சில ஆண்டுகள் பிக்காசோவும் ஜார்ஜ் பிராக்கும் பாரிசில் கியூபிசம் என்று செய்து பார்த்தது இதுதான்: ஒரே இடத்தில் நின்று பார்த்ததை வரைவதை விட்டார்கள். முன்னாலிருந்து பார்த்தது, பக்கத்திலிருந்து பார்த்தது எல்லாம் ஒரே பரப்பில் வந்து உட்கார்ந்தன. பொருள் எங்கே முடிகிறது, பின்னாலுள்ள சுவர் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டையும் உடைத்தார்கள். கண் நிறத்தில் மயங்கிவிடக் கூடாதென்று பழுப்பும் சாம்பலுமாகக் குறைத்துக்கொண்டார்கள். (ஆகவே போனில் இரவு வெளிச்ச அமைப்பு இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். அது எல்லாச் சாம்பலையும் மஞ்சளாக்கிவிடும்.)

முதல் படமாக நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ள பிராக்கின் 'வயலினும் வண்ணத் தட்டும்' (1909) நல்லது. முழுப் படமும் திரையில் தெரியும்படி வைத்து, மேல் விளிம்பைப் பாருங்கள். ஓர் ஆணி, அதில் மாட்டிய வண்ணத் தட்டு. ஆணிக்கு நிழல்கூட உண்டு, பழைய பாணியில் அச்சு அசலாக. அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கினால் இசைத்தாள்கள், அதற்கும் கீழே துண்டு துண்டான வயலின். எனக்கு எல்லாக் கியூபிசப் பாடங்களையும்விட அந்த ஆணி பெரிது. உள்ளபடி வரையத் தெரிந்தவன்தான் வேண்டுமென்றே உடைக்கிறான் என்று அது சொல்லிவிடுகிறது.

மற்ற படங்களிலும் இப்படியொரு பிடி கிடைக்கும். சிகாகோவில் உள்ள பிக்காசோவின் 'கான்வைலர்' (1910) உருவப்படத்தில் கீழே கோத்த கைகள், நடுவில் கடிகாரச் சங்கிலி. அந்த இரண்டும் பிடிபட்டால் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும். 'மா ஜோலி'யில் (1911–12) அடியில் எழுத்துகளும் இசைக் குறியும் இருக்கும். 'மா ஜோலி' என்பது அன்றைய பிரபலமான பாட்டின் பல்லவி, பிக்காசோவின் காதலிக்கு அவர் வைத்த செல்லப் பெயரும்கூட. பிடி கிடைத்த பிறகு பெரிதாக்குங்கள், அப்போது தூரிகையின் சின்னச் சின்னத் தீற்றல்கள் அருமையாகத் தெரியும்.

திரை ஏமாற்றுவது அளவில். நியூயார்க்கில் உள்ள பிக்காசோவின் 'அவிஞ்ஞோன் பெண்கள்' (1907) ஏறக்குறைய எட்டடி உயரம். பாரிசில் உள்ள 'பிரம்பு நாற்காலியுடன் அசைவற்ற பொருள்கள்' (1912) ஒரு முழம்கூட வராது. போனில் இரண்டும் உள்ளங்கை அளவுதான். படத்தின் கீழே கொடுத்திருக்கும் சென்டிமீட்டர் கணக்கைப் படித்து, சுவரில் கையால் அளந்து பார்த்துவிட்டுத் திரைக்கு வாருங்கள். அந்தச் சின்னப் படத்தில் பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுத் துணியை ஒட்டி, சட்டத்துக்குப் பதில் நிஜக் கயிற்றைச் சுற்றியிருக்கிறார் பிக்காசோ. பிராக் வண்ணத்தில் மணலைக் கலந்தார். இந்தச் சொரசொரப்பைத் திரை தராது, நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

இருட்டறைச் சுவரெங்கும் ஓவியங்களை அசையவிட்டு இசையோடு காட்டும் டிஜிட்டல் கண்காட்சிகளும் உண்டு. கியூபிசத்துக்கு அவை வேண்டாம் என்பேன். படம் அசையாமல் இருந்து நம் கண் அலைய வேண்டும் என்பதற்காகவே வரைந்தவை இவை.

பழகிய பின் ஒரு விளையாட்டு. 1911 கோடையில் தெற்கு பிரான்சின் செரே ஊரில் பிக்காசோவும் பிராக்கும் வரைந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, பெயரை மறைத்துவிட்டு எது யாருடையது என்று சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் வெட்கப்பட வேண்டாம். அங்கே பிக்காசோ வரைந்த 'அக்கார்டியன் வாசிப்பவர்' படத்தை முன்பு வைத்திருந்த ஒருவர், பின்பக்கம் 'செரே' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அதை அந்த ஊரின் இயற்கைக் காட்சி என்றே நினைத்திருந்தார்.