மருந்தின் நான்காம் உறுப்பு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்துக் காட்டி முடிகிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்பன அவை. வகுப்பறையில் முதல் மூன்றுக்கும் விளக்கம் விரியும். நான்காவதைச் செவிலி என்ற ஒரு சொல்லால் கடந்துவிடுவதுண்டு. அந்நான்காம் உறுப்பின் பெருமையை உணரக் கோலாலம்பூருக்கு வடக்கே கோம்பாக்கிலுள்ள ஓராங் அஸ்லி மருத்துவமனையின் வரலாறு துணைபுரியும்.

1950களின் இறுதியில் உருவான அம்மருத்துவமனையை நடத்திய மருத்துவர் மால்கம் போல்டன், பூர்வகுடிகளுக்கான மருத்துவப் பணி குறித்து 1968இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கட்டுரை வரைந்தார். காட்டுக்குள் மருந்து நிலையங்கள், அவற்றை மருத்துவமனையோடு இணைக்கும் வானொலித் தொடர்பு, கடும் நோயாளரை ஏற்றிவர வானூர்தி என அமைந்தது அவ்வேற்பாடு. எனினும் அதன் உயிர் இக்கருவிகளில் இல்லை. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்க இடந்தரப்பட்டது. பூர்வகுடியினரே பயிற்சி பெற்று மருத்துவ உதவியாளராயினர். காட்டைவிட்டு வெளிவர அஞ்சிய நோயாளிக்குத் துணிவு தருவது மருந்தன்று; தன் இனத்தார் முகமே என்க.

1978 செப்டம்பரில் அல்மா ஆட்டாவில் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கூட்டிய மாநாடு, தம் நலப்பணியைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என அறிவித்தது. தேவைப்படுமிடத்து மரபு மருத்துவரையும் நலப்பணிக் குழுவில் சேர்க்கச் சொன்னது. உலகம் பின்னர்ச் சொன்னதைக் கோம்பாக் முன்னரே செய்துவிட்டது எனப் பாராட்டுவார் உளர்.

அப்பாராட்டில் பாதியே பொருந்தும். அறிவிப்பு கேட்பது இரண்டு: திட்டமிடல், நிறைவேற்றல். கோம்பாக்கில் பின்னதில் பூர்வகுடியினர்க்கு இடமிருந்தது; முன்னது பிறர் கையில் இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டு மக்களைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து தன்பால் ஈர்க்க அரசு எடுத்த முயற்சியோடு ஒட்டிப் பிறந்த பணி அது. கட்டுரையிலும் பேசுபவர் மருத்துவரே. நோயுற்றவர் குரல் அதில் நேரே ஒலிப்பதில்லை.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. 2019இல் கிளாந்தான் மாநிலக் கோல கோவில் பாத்தேக் மக்கள் பலர் இறந்தனர். அங்குப் பரவியது தட்டம்மை எனச் சுகாதார அமைச்சு உறுதிசெய்தது. தட்டம்மைக்குத் தடுப்பூசி நெடுங்காலமாகவே உண்டு. ஆயினும் அவ்வூரார் பலருக்கு அது முழுமையாகச் சென்று சேரவில்லை. மருந்தும் மருத்துவரும் உள்ள நாட்டில் இது நேர்ந்தது.

நான்கு உறுப்பும் சேர்ந்ததே மருந்து. முதல் உறுப்பாகிய நோயுற்றவனும் நான்காம் உறுப்பாகிய துணைவனும் ஒரே குடியிற் பிறந்தோராய் இருத்தல் நன்று; அத்துணைவன் ஏவல் செய்வோனாக மட்டுமன்றித் திட்டம் சொல்வோனாகவும் இருத்தல் அதனினும் நன்று. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இக்குறளைக் கற்பிப்போர் நான்காம் உறுப்பில் சற்றே நின்று செல்வராயின், மாணவர் குறளை மட்டுமன்றித் தம் நாட்டின் மூத்த குடிகளையும் அறிவர்.