கீபோர்ட்காரரின் இடக்கையிலிருந்து பேஸை மீட்க

மேடையில் எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஓடும்வரை பேஸ் கிற்றார்காரருக்கு ஒரு குறையும் இல்லை. சசிதரன் வாசித்துவைத்த அந்த பேஸ் வரிகளை முன்வரிசையில் இருப்பவர்கள் வாயாலேயே பாடுவார்கள். பிறகு புதுப்படப் பாட்டு ஒன்று கேட்டுச் சீட்டு வரும். அந்தப் பாட்டில் பேஸ் கிற்றாரே கிடையாது. சின்தசைசரில் செய்த, நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும் தடித்த சத்தம்தான் இருக்கும். கீபோர்ட்காரர் அதை இடக்கையால் எடுத்துக்கொள்வார், பேஸ்காரர் வொல்யூமைக் குறைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று இந்தக் கிழக்கிலங்கைக் கரையின் மேடைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நட்டம் பேஸ்காரருக்கு மட்டும் இல்லை. வயலின், புல்லாங்குழல், பின்னணி என்று எல்லாவற்றையும் கீபோர்ட்காரர் ஒற்றை வலக்கையால் சமாளிக்க வேண்டியிருப்பதால் பாட்டே மெலிந்துபோகிறது.

சின்த் பேஸ் பிறந்ததும் கீபோர்ட்காரர் கையில்தான். 1970இல் மினிமூக் சின்தசைசர் வந்தது. சில ஆண்டுகளில் பார்லிமென்ட் குழுவின் ‘ஃபிளாஷ் லைட்’ பாட்டில் பேர்னி வொரெல் அதைக் கொண்டே முழு பேஸையும் வாசித்தார். அதே அணியின் பேஸ்காரர் பூட்ஸி கொலின்ஸோ மியூட்ரான் III என்ற ஃபில்டர் பெடலைக் காலடியில் போட்டுக்கொண்டு தன் நான்கு கம்பிகளையே பேச வைத்தார். நம் ஊர் பேஸ்காரர்கள் பூட்ஸியின் வழியில் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எந்தப் பெடல் உதவும், எது காசைத் தின்னும் என்பதைக் கையில் எடுத்து வாசித்துப் பார்த்த அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பேஸ் கிற்றாரின் தடித்த ஈ கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அதாவது ஒரு அலை முடிய 24 மில்லிநொடி ஆகும். சின்த் பெடல் நீங்கள் தட்டிய சுரம் எது என்று கண்டுபிடிக்க அப்படி ஓர் அலையாவது அதன் கண்ணில் படவேண்டும். ஐந்து கம்பி பேஸின் பி கம்பி என்றால் 31 ஹேர்ட்ஸ், ஓர் அலைக்கு 32 மில்லிநொடி. அதற்குள் டிரம்ஸ்காரரின் கிக் விழுந்து முடிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தத் தாமதம் முற்றாக ஒழியாது, இது கம்பியின் இயல்பு. கம்பியின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை ‘யாழ் நூல்’ என்று 1947இல் எழுதி அரங்கேற்றிய சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு இதே கரையில்தான் இருக்கிறது. இந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கம்பிக் கணக்கு அந்நியமாக இருக்கக்கூடாது.

கணக்குத் தெரிந்தால் குறுக்குவழியும் தெரியும். திறந்த ஈ கம்பியைத் தட்டாமல் டி கம்பியின் இரண்டாம் கட்டையில் உள்ள ஈயை வாசியுங்கள். அது 82 ஹேர்ட்ஸ், ஓர் அலைக்கு 12 மில்லிநொடிதான். பெடலில் ஒரு ஒக்டேவ் கீழ்ச் சத்தத்தைக் கூட்டினால் காதில் விழுவது அதே ஆழமான ஈதான், ஆனால் பாதி நேரத்தில் வந்துவிடும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தெரிவுசெய்து, டோன் குமிழைக் குறைத்து, வாசிக்காத கம்பிகளை இடக்கை விரல்களால் அமர்த்திப் பிடித்தால் பெடல் சுரத்தைத் தவறாகப் பிடிப்பது பெருமளவு குறையும். இரண்டு கம்பிகள் ஒன்றாக ஒலித்தால் ஒற்றைச் சுரத்துக்கென்று செய்த பெடல் எதுவாக இருந்தாலும் தடுமாறித் திக்கும். இந்த விரல் ஒழுங்கு இல்லாமல் பெடல் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முதல் பெடலாக என்ன வாங்கலாம் என்று கேட்டால் சின்த் என்ற பெயரே இல்லாத ஒன்றைத்தான் காட்டுவேன்: பொஸ் ஓசி-5. 1982இல் வந்த ஓசி-2 என்ற பழுப்புநிறப் பெட்டியின் வழித்தோன்றல் இது. ஓசி-2 உங்கள் சுரத்தைப் பிடித்து அதிர்வைப் பாதியாக்கி, வட்டமான, சற்று முரட்டுத்தனமான கீழ்ச் சத்தமாகத் தரும். அந்தச் சத்தம் ஏற்கெனவே பாதி சின்த்தான். ஓசி-5இல் ‘விண்டேஜ்’ என்ற நிலையில் அது அப்படியே கிடைக்கிறது, மேல் ஒக்டேவும் சேர்ந்துகொள்கிறது. நேர்ச் சத்தக் குமிழை முழுவதும் மூடிவிட்டு ஒரு ஒக்டேவ் கீழை மட்டும் திறந்து, ஏ கம்பிக்கு மேலே வாசித்துப் பாருங்கள். புதுப்படப் பாட்டுகளில் பாதிக்கு இதுவே போதும். பைலாவின் 6/8 ஓட்டத்தில்கூட விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு ஒக்டேவ் கீழ் என்ற குமிழை மட்டும் கிட்டத்தட்ட மறந்துவிடுங்கள். திறந்த ஈயிலிருந்து ஒரு ஒக்டேவ் இறங்கினாலே 20 ஹேர்ட்ஸ். நம் மேடைகளுக்கு வாடகைக்கு வரும் 18 அங்குல சப் ஸ்பீக்கர்கள் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே வேகமாகச் சக்தி இழக்கின்றன. கோன் துள்ளும், அம்ப் சூடாகும், கேட்பவருக்கு ஒன்றும் கேட்காது.

ஓசி-5 பழகியபின் அடுத்த படி பொஸ் எஸ்வை-1. நான் அதிகம் நேரம் செலவிட்டது இதனோடுதான். சாதாரண பொஸ் பெட்டி அளவுதான், தனிப் பிக்கப் எதுவும் தேவையில்லை, கிற்றாரா பேஸா என்று சொல்ல ஒரு சுவிட்ச் இருக்கிறது. 11 வகைகள், ஒவ்வொன்றிலும் 11 வேறுபாடுகள், மொத்தம் 121 சத்தங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் மணி, ஓகன், தானாகத் துடிக்கும் சீக்குவன்ஸ் போன்றவை கிற்றார்காரருக்கு இனிப்பவை. பேஸ்காரருக்கு உண்மையான வீடு ‘பேஸ்’ என்ற வகையும் இரண்டு ‘லீட்’ வகைகளும்தான். அந்தச் சிலவற்றிலேயே தட்டையான, இரப்பர்போல் இழுபடும், வாயைத் திறந்து ‘வாவ்’ என்று கத்தும் சத்தங்கள் எல்லாம் உண்டு.

இதன் பெரிய பலம் வேகம். ஏ கம்பியில் வாசிக்கும்போது தாமதம் கிட்டத்தட்ட உறுத்துவதே இல்லை. இரண்டு சுரத்தை ஒன்றாகத் தட்டினாலும் தடுமாறுவதில்லை. எஃபெக்ட், டைரக்ட் என்ற இரண்டு குமிழ்களும் தனித்தனியாக இருப்பது இன்னொரு பலம். டைரக்டைக் கால்வாசி திறந்துவைத்தால் விரல் பட்ட அந்த ‘டப்’ என்ற ஆரம்பம் உங்கள் சொந்தக் கம்பியிலிருந்து உடனே வரும், சின்த் அதன் பின்னால் வந்து தடித்து நிற்கும். கேட்பவரின் காது இரண்டையும் ஒரே அடியாக எடுத்துக்கொள்கிறது. பெடலை மிதித்தபடியே நின்றால் சுரம் அப்படியே நீடிக்கும். மெதுவான பாட்டின் முடிவில் இது அழகாக வேலை செய்யும்.

குறை என்னவென்றால் இதில் எதையும் சேமித்துவைக்க முடியாது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் குனிந்து இரண்டு குமிழ்களைத் திருப்ப வேண்டும், மேடை இருட்டில் அது எளிதல்ல. பிடித்த இடத்தில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பற்றரியிலும் ஓடும் என்றாலும் சீக்கிரம் குடித்துவிடும், திருவிழா இரவுக்கு அதை நம்பக்கூடாது.

இலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பேஸ் மைக்ரோ சின்த் வேறு உலகம். 1970களின் கடைசியில் வந்த மைக்ரோ சின்தசைசரின் பேஸ் வடிவம், முழுக்க அனலொக். பத்துத் தள்ளுகுமிழ்கள் வரிசையாக நிற்கும்: கீழ் ஒக்டேவ், நேர்ச் சத்தம், மேல் ஒக்டேவ், சதுர அலை ஆகிய நான்கு குரல்கள், பிறகு ஃபில்டர் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பவை. மூன்று மெல்லிய விரல் தட்டல்களுக்கும் ஒரு பலத்த தட்டலுக்கும் இது வெவ்வேறு பதில் சொல்லும். நான் கேட்ட சின்த் பெடல்களில் மிக அழகான சத்தம் இதற்குத்தான், மறுபேச்சே இல்லை. ஆனால் விரல் பலம் ஒரே சீராக இல்லாதவர் கையில் ஃபில்டர் ஒரு தட்டுக்குத் திறக்கும், மறு தட்டுக்குத் திறக்காது. கம்பிரசர் வைத்திருப்பவர்கள் அதை இந்தப் பெடலுக்குப் பின்னால் போடவேண்டும். முன்னால் போட்டால் பலத்த தட்டும் மெல்லிய தட்டும் ஒன்றாகி, பெடலின் உயிரே போய்விடும். எஸ்வை-1க்கு இது நேர்மாறு, முன்னால் லேசான கம்பிரசர் இருந்தால் இன்னும் நிதானமாக நிற்கிறது.

மைக்ரோ சின்த்தின் இன்னொரு சிக்கல் மின்சாரம். இது 24 வோல்ட் கேட்கும், மற்றப் பெடல்களின் 9 வோல்ட் அடப்டர் உதவாது. நம்மில் பலருக்குப் பெடல் வருவது வெளிநாட்டு உறவினர் கையில். லண்டனில் இருந்து வந்தால் கவலையில்லை, அங்கேயும் 230 வோல்ட், அதே மூன்று முனைப் பிளக். கனடாவில் இருந்து வருகிறதென்றால் அடப்டரின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். ‘100–240’ என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பாவிக்கலாம். ‘120’ என்று மட்டும் இருந்தால் நம் சுவரில் செருகிய கணத்தில் அடப்டர் எரியும், சிலவேளை பெடலையும் கூட்டிக்கொண்டு போகும்.

உள்ளூரிலேயே நடக்கும் விபத்து இன்னொன்று. பெடல் அடப்டரை வீட்டில் மறந்துவந்து, கீபோர்ட்டின் அடப்டரை வாங்கிச் செருகுவது. சிறிய யமஹா கீபோர்ட்களுக்கு வரும் அடப்டர் 12 வோல்ட், நடு ஊசி நேர்மின். பொஸ் பெடல்களுக்கு 9 வோல்ட், நடு ஊசி எதிர்மின். சில அடப்டர்களின் வாய் பெடலில் பொருந்திவிடுகிறது, அதுதான் ஆபத்து. அடப்டரில் பெடலின் பெயரை ஒட்டிவையுங்கள்.

பாடசாலை பாண்டில் இப்போதுதான் பேஸ் பிடித்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இவை எதுவும் வேண்டாம். சூம் பி1 ஃபோர் போதும். ஒக்டேவ், சில சின்த் வகைகள், ஃபில்டர், கம்பிரசர், ரியூனர், தாளங்கள் எல்லாம் ஒரு சிறு பெட்டிக்குள், ஒற்றை எஸ்வை-1இன் விலையைவிடக் குறைவாகவே கிடைத்துவிடும். செய்துவைத்த சத்தத்தைச் சேமித்து ஒரு மிதியில் மாற்றலாம், எஸ்வை-1ஆல் முடியாதது இது. நான்கு ஏஏ பற்றரியில் பல மணிநேரம் ஓடும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் போனதை மறக்காத எவரும் இதன் அருமையை உணர்வார்கள். சின்த் சத்தம் என்று பார்த்தால் எஸ்வை-1இன் தடிப்பு இதில் இல்லை, தாழ்ந்த சுரங்களில் சற்றுக் குழம்பவும் செய்கிறது. ஆனால் தனக்கு எந்தச் சத்தம் வேண்டும் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வதற்கு இதைவிட மலிவான வகுப்பு கிடையாது.

உச்சத்தில் இருப்பது ஹங்கேரியின் பாண்டா ஓடியோ செய்யும் ஃபியூச்சர் இம்பாக்ட். அகாய் நிறுவனம் ஒருகாலத்தில் விட்டு நிறுத்திய டீப் இம்பாக்ட் பெடலை வடிவமைத்த அதே பொறியாளர் ஆண்ட்ராஷ் சலாய் மறுபடி எழுப்பியது. கணினியில் இணைத்துச் சத்தங்களை அடியிலிருந்து கட்டலாம். ஸ்டூடியோவில் தொழிலாக வாசிப்பவருக்கு ஏற்றது. வருடத்தில் சில மேடைகள் ஏறுபவர் இவ்வளவு போட வேண்டியதில்லை.

அந்தக் காசில் ஒரு நல்ல டிஐ பொக்ஸ் வாங்குங்கள் என்பேன். கோயில் வீதி மேடையிலிருந்து மிக்சர்வரை நீளும் வயரில், ஜெனரேற்றரும் அலங்கார விளக்குகளும் ஒரே லைனில் ஓடும்போது, பெடலில் இருந்து நேரே கொடுத்த சத்தத்தோடு ஒரு ‘ம்ம்ம்’ இரைச்சலும் சேர்ந்து போகும். சின்த் சத்தம் அந்த இரைச்சலையும் தடிப்பாக்கிக் காட்டும். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பொக்ஸ் பெரும்பாலும் அதை ஒரு தள்ளலில் நிறுத்திவிடும். மிக்சரில் இருப்பவரிடம் பாட்டு தொடங்குமுன்பே சின்த் சத்தத்தையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். சாதாரண பேஸுக்கு வைத்த அளவில் சின்த் சத்தம் திடீரென்று எகிறும், அவர் பயத்தில் உங்கள் சனலையே இறக்கிவிடுவார்.

கடற்கரை ஊரில் இருப்பதால் கடைசியாக ஒன்று. உப்புக்காற்று பெடலின் ஜாக்கையும் குமிழ்களையும் உள்ளிருந்து அரிக்கிறது. கைமாறிய பெடல் வாங்கும்போது ஒவ்வொரு குமிழையும் மெதுவாக முழுச் சுற்றுத் திருப்பிக் கேளுங்கள். ‘கர கர’ என்றால் கொண்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் சரியாகும். ஜாக்கில் வயரைச் செருகிச் சற்று அசையுங்கள், சத்தம் அறுந்து அறுந்து வந்தால் ஜாக்கை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பற்றரி பெட்டியைத் திறந்து பச்சைப் பூசணம் ஏறியிருக்கிறதா பாருங்கள், ஏறியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.