கற்கை அலகும் தரப்புள்ளியும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே பட்டம்பெற்று வெளியேறும் மாணவர் இக்காலத்தில் தம் கல்வியை இரண்டு எண்களாற் சொல்லுகின்றனர். ஒன்று அவர் ஈட்டிய கற்கை அலகுகளின் தொகை. மற்றையது அவ்வலகுகளிற் பெற்ற தரங்களின் சராசரி. முன்னதைக் 'கிரெடிட்' என்றும் பின்னதை 'ஜீ.பீ.ஏ.' என்றும் பேச்சில் வழங்குவர். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 அலகும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 அலகும் வேண்டுமென்பது 2012ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின் விதி. 'கிரெடிட்' என்ற சொல்லைக் கேட்கும் பெற்றோருக்குச் சாதாரண தரப் பரீட்சையின் திறமைச் சித்தியே நினைவுக்கு வரும். அங்கே அச்சொல் திறமையைக் குறித்தது. இங்கே காலத்தைக் குறிக்கின்றது. எத்துணைத் திறமையாகக் கற்றான் என்பதற்கும் எத்துணை மணி நேரம் கற்றதாகக் கொள்ளப்பட்டான் என்பதற்கும் ஒரே சொல் வழங்குதலால் விளையும் மயக்கம் சிறிதன்று.

அலகும் தரமும் ஓரிடத்தில் ஒரு நோக்கத்தோடு பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் எத்தேவை பற்றித் தோன்றியதென்று ஆராயின், இன்று அவற்றின்மேல் ஏற்றப்பட்டிருக்கும் சுமையை அவை தாங்குமா என்பது விளங்கும்.

அலகின் வரலாறு அமெரிக்க நாட்டு ஹார்வட் கல்லூரியோடு பெரிதும் தொடர்புடையது. இரசாயனம் கற்பித்தவராகிய சாள்ஸ் எலியட் 1869இல் அதன் தலைவராகி நாற்பதாண்டுகள் அப்பதவியிலிருந்தார். அவர் வருமுன் இலத்தீன், கிரேக்கம், கணிதம் முதலியவை எல்லா மாணவர்க்கும் பெரும்பாலும் ஒரேவகையாகக் கற்பிக்கப்பட்டன. எலியட் இக்கட்டாயத்தைப் படிப்படியாகத் தளர்த்தி, மாணவன் தான் கற்கும் பாடத்தைத் தானே தெரிந்துகொள்ளும் முறையைப் புகுத்தினார். 1897 அளவில் முதலாண்டு ஆங்கில எழுத்துப் பயிற்சியொன்றே கட்டாயமாக எஞ்சி நின்றது. எல்லாரும் ஒரே நூல்களைக் கற்ற காலத்தில் எவ்வளவு கற்றான் என்ற வினாவுக்கு இடமில்லை, ஆண்டுகளே அளவாயின. ஒருவன் இரசாயனத்தையும் மற்றொருவன் பொருளியலையும் இன்னொருவன் லான்மன் என்னும் பேராசிரியரிடம் வடமொழியையும் கற்று, மூவரும் ஒரே பட்டத்தைப் பெறவேண்டுமாயின் அம்மூன்றையும் நிறுக்கப் பொதுவானதொரு படிக்கல் வேண்டும். சித்தியெய்திய பாடங்களின் எண்ணிக்கையே அப்படிக்கல்லாயிற்று. ஆதலின் தெரிவுச் சுதந்திரத்தின் விலையாகவே எண்ணிக்கை வந்தது எனல் பொருந்தும். அச்சுதந்திரம் பெறுதற்குரியதே, எலியட்டைக் குறைகூறுவோர் பலர் அதனை மறந்துவிடுகின்றனர்.

அடுத்த நிகழ்ச்சி விந்தையானது. 1905இல் அந்துரூ கார்னெகி என்னும் இரும்பு வணிகச் செல்வர், முதுமையுற்ற கல்லூரிப் பேராசிரியர்க்கு ஓய்வூதியம் வழங்குதற்பொருட்டு ஒரு கோடி டொலர் அளித்தார். எந்தக் கல்லூரிகளின் ஆசிரியர் இதற்குரியர் என்ற வினா உடனே எழுந்தது. அக்காலத்திற் கல்லூரியென்று பெயர்சூடிய சில நிறுவனங்கள் உயர்தரப் பள்ளிகளினும் மேம்பட்டன அல்ல. எனவே பிரிட்செட் என்பாரைத் தலைவராகக் கொண்ட கார்னெகி அறநிலையம் ஒரு வரையறை செய்தது: கல்லூரியிற் சேரும் மாணவன் உயர்தரப் பள்ளியிலே 14 அலகு முடித்திருத்தல் வேண்டும், ஓர் அலகாவது ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் கற்பது. சமயச் சபைகளின் ஆட்சிக்குட்பட்ட கல்லூரிகளுக்கு இக்கொடையிற் பங்கில்லை என்றும் விதித்தனர். அதன்பொருட்டுத் தம் சபைத் தொடர்பை அறுத்துக்கொண்ட கல்லூரிகளும் உண்டு. சமயத்தின் பெயரால் நிறுவப்பட்ட கல்லூரிகளிற் பயின்றோர் இச்செய்தியைச் சற்று நின்று நோக்குவர். ஓய்வூதியத்தை நாடிப் பள்ளிகளும் கல்லூரிகளும் தம் பாடங்களை மணிக்கணக்கில் வகுத்துக்கொண்டன. பேராசிரியரின் முதுமைக்கு ஆதரவளிக்க எழுந்த ஏற்பாடு மாணவனின் கல்வியை அளக்கும் கோலாக மாறியது இவ்வாறுதான்.

அவ்வறநிலையத்தின் வேண்டுகோட்படி மொறிஸ் குக் என்னும் பொறியியலாளர் 1910இல் ஓர் அறிக்கை எழுதினார். தொழிற்சாலைகளில் வேலையை நேரம் பார்த்து அளந்த டெயிலரின் வழிவந்தவர் அவர். பல்கலைக்கழகங்களின் பௌதிகத் துறைகளை ஆராய்ந்து, அவற்றின் செலவை ஒப்பிடுதற்கு 'மாணவ-மணி' என்ற அளவையை அவர் முன்வைத்தார்: ஒரு மாணவன் ஒரு மணி நேரம் வகுப்பிலேனும் ஆய்வுகூடத்திலேனும் கற்பது ஒரு மாணவ-மணி. செலவுக் கணக்குக்கு இது பயன்படும். ஆயின் இருவர்க்கு ஒரு மணி நேரம் வடமொழி இலக்கணம் சொல்லும் ஆசிரியரின் உழைப்பு இக்கணக்கில் இரண்டு. இருநூற்றுவர்க்குப் பொருளியல் விரிவுரை நிகழ்த்துவோரின் உழைப்பு இருநூறு. சிறு துறைகள் எந்நாட்டிலும் எக்காலத்தும் அஞ்சவேண்டிய கணக்கு இது. கார்னெகி அறநிலையமே 2012இல் தன் அலகை மீளாய்வு செய்யத் தொடங்கி 2015இல் அறிக்கை வெளியிட்டது. கற்றலை அளக்கும் நுண்ணிய கருவி அலகு அன்று என்பதை அது ஏற்றுக்கொண்டபோதும், அதனை நீக்கி அவ்விடத்து வைக்கத்தக்க வேறொன்று கிடைக்கவில்லை என்றே முடித்தது.

இனித் தரத்தின் கதை. யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785இல் 58 மாணவரைச் சோதித்து, 20 பேர் மிகச் சிறந்தோர், 16 பேர் அடுத்த சிறப்பினர், 12 பேர் தாழ்ந்தோர், 10 பேர் மிகத் தாழ்ந்தோர் என இலத்தீன் மொழியில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மாணவரைத் தாமே கண்டு கேட்டு அறிந்த ஒருவரின் தீர்ப்பு அது. பின்னர் நூற்றுக்கு இத்துணை எனப் புள்ளியிடுதல் பரவியது. 1897இல் மவுன்ற் ஹோலியோக் மகளிர் கல்லூரி எழுத்துத் தரங்களை வகுத்தபோது 95 முதல் 'ஏ', 85 முதல் 'பீ', 76 முதல் 'சீ' என்றும், 75 என்ற ஒரே புள்ளிக்கு 'டீ' என்றும் விதித்தது. ஒரு புள்ளிக்காக ஒரு முழுத் தரம்!

இப்புள்ளிகளின் உறுதியை ஸ்டார்ச், எலியட் என்னும் இரு ஆய்வாளர் 1912இற் சோதித்தனர். (இவ்வெலியட் ஹார்வட் தலைவரின் வேறானவர்.) ஆங்கில விடைத்தாளொன்றைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்ப, 142 ஆசிரியர் அதனைத் திருத்தி அனுப்பினர். அவர்கள் இட்ட புள்ளிகள் 64 முதல் 98 வரை பரந்து நின்றன. மொழிப் பாடமாதலின் இவ்வாறாயிற்று என்று சிலர் தடை கூறினர். அடுத்த ஆண்டு கேத்திரகணித விடைத்தாளைக் கொண்டு அவர்கள் செய்த சோதனையில் வேறுபாடு இன்னும் அகன்று காணப்பட்டது. விடைத்தாள் திருத்திப் பழகிய எவரையும் இம்முடிவு வியப்பில் ஆழ்த்தாது.

ஆக, அலகு ஒரு மதிப்பீட்டுக் கணக்கு. தரம் ஒரு மனிதத் தீர்ப்பு. இவ்விரண்டையும் பெருக்கிக் கூட்டி வகுத்து, இரண்டு தசமதானம் வரை எழுதும் எண்ணே தரப்புள்ளிச் சராசரி. அதன் தோற்றத்தில் இருக்கும் நுட்பம் அதன் மூலங்களில் இல்லை. 70 முதல் 74 வரை 3.7 தரப்புள்ளி, 65 முதல் 69 வரை 3.3 தரப்புள்ளி, முதல் வகுப்புக்குச் சராசரி 3.70 என்று விதித்த ஓரிடத்தைக் கொள்க. சமமான இரண்டு பாடங்களில் 70, 70 பெற்றவர்க்குச் சராசரி 3.70, அவர் முதல் வகுப்பினர். 69, 74 பெற்றவர்க்குச் சராசரி 3.50, அவர்க்கு அவ்வகுப்பு இல்லை. பின்னவரின் மொத்தப் புள்ளி 143. முன்னவரின் மொத்தம் 140. மிகுதியாகப் பெற்றவர் தாழ்ந்தும் குறைவாகப் பெற்றவர் உயர்ந்தும் நிற்கும் இந்நிலைக்கு எவருடைய அநீதியும் காரணமன்று, முறையே காரணம். பல பாடங்களைக் கூட்டும்போது இவ்வழுக்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பர். பெரும்பாலும் ஈடுசெய்யும், எல்லைக் கோட்டில் நிற்கும் மாணவனுக்கு அவ்வாறுதலாற் பயனில்லை.

அமெரிக்கரே இம்முறையின் குறையை முதலில் உணர்ந்தனர். எலியட்டின் பின் 1909இல் ஹார்வட் தலைவரான லோவெல், மாணவன் ஒரு துறையில் ஆழமாகவும் பிறவற்றிற் பரவலாகவும் கற்கவேண்டுமென விதித்து, தனிப்பாடங்களைக் கடந்த பொதுப் பரீட்சையையும் அதற்கு வழிகாட்டும் ஆசிரியரையும் ஏற்படுத்தினார். ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஐடெலொட் 1922இல் தொடங்கிய சிறப்புக் கற்கையோ இன்னும் துணிவுடையது. அதிற் சேர்ந்தோர்க்கு இறுதி ஈராண்டிலும் பாடந்தோறும் தரமிடுதல் நீக்கப்பட்டது. முடிவிற் கல்லூரிக்குப் புறம்பான பரீட்சகர் எழுத்தாலும் வாய்மொழியாலும் சோதித்தனர்.

இலங்கையில் உயர்கல்வி தொடங்கிய முறை இதற்கு நேர்மாறானது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இன் பட்டயத்தால் தன் பரீட்சைகளை எங்கிருந்து கற்றோர்க்கும் திறந்துவிட்டது. 1921இற் கொழும்பில் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ்செய்தது. எத்தனை மணி நேரம் எவரிடம் கற்றாய் என்று அம்முறை கேட்கவில்லை; எழுது என்று மட்டும் சொல்லிற்று. பகலெல்லாம் பாடசாலையிற் கற்பித்து இரவிற் படித்துப் பட்டம்பெற்ற ஆசிரியர் பலரை அது உருவாக்கியது. ஆயினும் அதனை இலட்சியமாகப் போற்றல் தகாது. ஆசிரியர் துணையின்றிக் குறிப்புப் புத்தகங்களை மனனஞ் செய்தோரும் அவ்வழியே தேறினர். காய்ச்சல் கண்ட ஒரு கிழமை பல ஆண்டு உழைப்பைப் பாழாக்கிற்று.

இவ்விடத்திலேதான் அலகு முறையின் மெய்யான நன்மை தோன்றுகின்றது. முடித்த பாடம் முடித்ததாகவே நிற்கும். தவறியதை மட்டும் மீண்டும் எழுதலாம். 1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் வீடுவாசலை விட்டு ஒரே இரவில் வெளியேறியதைக் கண்டவர்க்கு இந்நன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. படிப்பு இடையறும் நாட்டிலே, கற்றவரையிற் கணக்கிட்டுப் பேணும் ஏடு ஒரு பெருந்துணை. பழைய ஆண்டிறுதிப் பரீட்சைக்கே திரும்பவேண்டும் என்போர் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்.

குறை அவ்வேட்டைக் கல்வியென்றே கொள்வதிலுள்ளது. இலங்கைச் சட்டகத்தின்படி ஓர் அலகு 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். அதில் விரிவுரையாக நிகழ்வது 15 மணி என்பது பொது வழக்கு. எஞ்சிய 35 மணியும் மாணவன் தானே கற்றதாகக் கருதப்படும். கற்றானா என்பதை எந்நேரசூசியும் காட்டாது. பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்தில் இத்தகைய பங்கீடொன்று செய்துள்ளார். ஆசிரியர் சொல்ல நிறைவாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கு. உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது அவர் கருத்து. ஐம்பதிற் பதினைந்து அவருடைய காற்பங்குக்குச் சற்று மேல். அவ்வளவில் இரு கணக்கும் ஒத்துச் செல்கின்றன. ஆயின் எஞ்சிய பங்கு எவ்வழியால் நிரம்பும் என்பதை முனிவர் சொன்னார். சட்டகம் அதற்கு ஓர் எண்ணை மாத்திரம் இட்டது.

இதன் விளைவைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைக் கொண்டு காணலாம். ஒன்பது இயல்களையுடைய அதனைச் சேனாவரையர் உரையோடு மூன்று அலகுப் பாடமாக வைத்தால், கிடைப்பது பதினைந்து கிழமைகளில் 45 மணி. கிளவியாக்கத்தில் உரையாசிரியர் எழுப்பும் தடைவிடைகளைப் பின்தொடர்ந்தால் அம்மணிகளிற் பெரும்பகுதி அங்கேயே கழியும். ஆகவே இயலுக்கு ஐந்து மணி எனப் பங்கிட்டுச் சாரத்தைச் சொல்லிக் கடக்க நேரும். அரையாண்டு முடிவில் மாணவன் தேறிவிடுவான். அடுத்த அரையாண்டில் எழுத்ததிகாரத்தையோ பொருளதிகாரத்தையோ கற்கும்போது முன்னதைக் கேட்பார் இல்லை. வேற்றுமையியலைக் கற்றது பத்துப்பாட்டுரையை நுகர்தற்கு உதவவேண்டும்; அவ்வுதவியைச் சோதிக்கும் வினாத்தாள் எந்த அலகிலும் இல்லை, அது எந்த ஒரு பாடத்துக்கும் உரியதன்று ஆதலால்.

இதற்குப் பரிகாரம் செய்ய அலகை அழிக்கவேண்டியதில்லை. சிறப்புப் பட்டத்தின் 120 அலகில் ஆறினை ஒதுக்கி, இறுதியாண்டு முடிவில், கற்ற பாடங்கள் அனைத்தையும் தழுவிய ஒரு வினாத்தாளும் வேறு பல்கலைக்கழகத்துப் பரீட்சகர் ஒருவர் முன்னிலையில் வாய்மொழிச் சோதனையும் வைக்கலாம். வகுப்பு வழங்குவோர் சராசரி எண்ணோடு மூலப் புள்ளிகளையும் பரீட்சைச் சபையில் ஒருங்கே வைத்து, எல்லையில் நிற்போரைத் தனித்தனியே ஆராயலாம். இரண்டாவது ஏற்பாட்டுக்குப் பணச்செலவு யாதுமில்லை; சபை கூடும் நாளில் ஒரு பிற்பகலே கூடுதலாக வேண்டும்.